அங்காதிபாதமும் அகநோக்கியும்: மருத்துவப் பயிற்சியிற் காட்சிப் பதிவின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

மருத்துவத்தின் வரலாற்றை மருத்துவர்களே எழுதுதல் வேண்டும் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. இக்கருத்து ஓரளவுக்கே பொருத்தமானது. நோயை அறிதல் என்பது கருவிகளாலும் மருந்துகளாலும் மாத்திரம் அமைவதன்று. கண்டதைச் சொல்லும் முறை, சொன்னதை எழுதும் முறை, எழுதியதைப் பிறர் சரிபார்க்கும் முறை ஆகியனவும் அதன் உறுப்புக்களாகும். இவை மொழியோடும் சமூக அமைப்போடும் பிரிக்கவொண்ணாத தொடர்புடையன. ஆதலின் இலக்கிய மாணவன் இத்துறையில் ஒரு சில வினாக்களை எழுப்புதல் தகாத செயலாகாது.

இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், பெருங்குடல் அகநோக்குப் பரிசோதனையின் தரத்தை உயர்த்தும்பொருட்டு மருத்துவர்களுக்கு அளிக்கப்படும் நிழற்படப் பதிவுப் பயிற்சியாகும். ஒளியும் ஒளிப்படக் கருவியும் பொருத்திய நெகிழ்குழாயொன்றை நேர்குடல் வழியே செலுத்தி, பெருங்குடலின் தொடக்கமாகிய குருட்டுக்குடல்வரை சென்று, பின் மெல்ல மீட்டெடுக்கும்போது குடற்சுவரை நோக்குவது இப்பரிசோதனை. புற்றுநோயாகப் பிற்காலத்தில் மாறக்கூடிய முளைகளை முன்கூட்டியே கண்டு அகற்ற இதுவே தலையாய வழி. கண்டதை மருத்துவர் படமாகப் பதிதல் வேண்டும் என்பது இன்றைய நியதி. புதியதொரு தொழில்நுட்ப விதியாகத் தோன்றும் இதன் அடிப்படைப் பிரச்சினை யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் புதியதன்று. மானிப்பாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடைபெற்ற தமிழ்வழி மருத்துவக் கல்வியும் இதே பிரச்சினையையே தனக்குரிய முறையில் எதிர்நோக்கிற்று. அவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

2

படம் ஏன் தேவைப்பட்டது? 2004இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடைதருகின்றது. மூன்று பிராந்தியங்களில் 68 மருத்துவ அலகுகளில் நடைபெற்ற 9,223 பரிசோதனைகளை அவ்வாய்வு மதிப்பிட்டது. குருட்டுக்குடலை எட்டியதாக மருத்துவர் குறித்தவை 76.9 சதவீதம். எட்டியமைக்கு ஐயத்துக்கிடமற்ற அடையாளங்கள் வேண்டும் என்ற கண்டிப்பான அளவுகோலைப் பிரயோகித்தபோது அத்தொகை 56.9 சதவீதமாகக் குறைந்தது. முதல் நூறு பரிசோதனைகளையும் மேற்பார்வையின்கீழ்ச் செய்து பயின்றவர் 17 சதவீதத்தினரே என்பதும் அவ்வாய்வால் வெளிப்பட்டது.

இவ்விரு தொகைகளுக்குமிடையேயுள்ள இருபது சதவீத இடைவெளி ஆழ்ந்து நோக்கற்பாலது. இதனை மருத்துவர்களின் பொய்ம்மை என்று கொள்வது மேலோட்டமான பார்வையாகும். வளைந்தும் மடிந்தும் செல்லும் குடலினுள்ளே ஒரு வளைவு மற்றொன்றைப் போலத் தோற்றமளிக்கும். எட்டிவிட்டதாக நம்புவதற்கும் எட்டியதற்கும் வேறுபாடு உண்டு. குடல்வளரியின் வாயும், சிறுகுடல் வந்துசேரும் வால்வும் கண்ணுக்குப் புலனாகும்போதே பயணம் முடிந்ததாகக் கொள்ளலாம். அவ்விரண்டையும் படமெடுத்து வைத்தால், தனியொருவரின் நம்பிக்கை பிறர் பரிசீலிக்கத்தக்க சான்றாக மாறுகின்றது. அறிவு தனிமனித உடைமை என்ற நிலையிலிருந்து சமூக உடைமை என்ற நிலைக்குச் செல்லும் இயக்கத்தின் ஒரு சிறு வடிவமே இது எனலாம்.

இதன் விளைவு உயிர் சார்ந்தது. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 136 மருத்துவர்கள் செய்த 314,872 பரிசோதனைகளை ஆராய்ந்தது. புற்றாக மாறக்கூடிய முளைகளைக் கண்டறியும் வீதம் மருத்துவருக்கு மருத்துவர் 7.4 சதவீதம் முதல் 52.5 சதவீதம்வரை வேறுபட்டது. அவ்வீதம் ஒவ்வொரு சதவீதம் உயரும்போதும், பரிசோதனைக்குப் பின் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு 3 சதவீதம் குறைந்தது. ஒரே கருவி, ஒரே உறுப்பு. எனினும் பார்க்கும் கண் பயின்ற முறைக்கேற்ப நோயாளியின் விதி வேறாகின்றது. எனவே பார்வை இயற்கையானதன்று. பயிற்சியால் உருவாக்கப்படுவது என்பது தெளிவு.

3

நமது மரபுவழி வைத்தியத்தில் அறிவு பதிவுபெற்ற முறையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் செய்யுளால் ஆனவை. ஏட்டுச்சுவடி அரிதாகவும் அச்சு இல்லாததாகவும் இருந்த சூழலில், மனத்தில் நிறுத்துதற்கு ஏற்ற வடிவம் யாப்பே. அவ்வகையில் யாப்பு அன்றைய உற்பத்தி நிலைமைகளுக்கு இயைந்த பதிவுமுறையாகும். இதனைப் பழைமைவாதம் என்று ஒதுக்குதல் வரலாற்று நோக்குக்கு உகந்ததன்று.

எனினும் அப்பதிவுமுறைக்கு இரு வரையறைகள் இருந்தன. பொது இலக்கணமாக நோய்களையும் மருந்துகளையும் தொகுத்துரைக்க அது வல்லது. குறிப்பிட்ட நோயாளியிடத்துக் குறிப்பிட்ட நாளிற் கண்டதைப் பதிந்துவைத்துப் பிறிதொருவர் மீள நோக்குவதற்கு அது வாய்ப்பளிக்கவில்லை. நாடியைத் தொட்டறியும் விரலின் அனுபவம் விரலோடேயே நின்றது. அடுத்து, அறிவு பரம்பரைச் சொத்தாகக் குடும்பத்துள்ளே கையளிக்கப்பட்டது. பிணத்தைத் தீண்டுதலைத் தீட்டாகவும் குறித்த சாதியினர்க்குரிய தொழிலாகவும் வகுத்த சமுதாயத்தில், உடலின் உட்பகுதியைத் திறந்து நோக்கும் கலை வளர்தற்கான நிலைமைகளும் குறைவாகவே இருந்தன. நிலவுடைமைச் சமுதாயத்தின் பொதுப்பண்பு இது. தனியே தமிழரின் குறையாக இதனைக் கூறுதல் தவறு.

4

இப்பின்னணியிலேயே அமெரிக்க மிசன் வைத்தியர்களின் வருகையை நோக்குதல் வேண்டும். யோன் ஸ்கடர் 1820 அளவில் பண்டத்தரிப்பில் வைத்தியப்பணி தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டு வைத்தியசாலையோடு மருத்துவக் கல்வியையும் ஆரம்பித்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட அவர், 1873வரை இங்கு பணியாற்றினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். முதலில் ஆங்கிலத்தில் நடந்த கல்வி, அவர் இரண்டாம் முறை வந்தபின் தமிழுக்கு மாற்றப்பட்டது.

கட்டரின் உடலியல் நூல், மோன்செலின் மகப்பேற்று நூல், டுறூயிற்றின் சத்திரவைத்திய நூல், கிறேயின் உடற்கூற்று நூல், ஹூப்பரின் வைத்தியக் கைந்நூல், வெல்ஸின் இரசாயன நூல், டால்ரனின் உடற்றொழிலியல் நூல் முதலியன அவராலும் அவர்தம் தமிழ் மாணவராலும் தமிழாக்கப்பெற்றன. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை. 1884இல் மறைந்த அவரது கல்லறையில், தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட அவர் விரும்பியவாறே பொறிக்கப்பட்டது. கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூல் இவ்வரலாற்றை நம் தலைமுறைகளுக்கு நினைவூட்டியமை குறிப்பிடற்பாலது.

உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்ற பெயர் வழங்கப்பட்டமை சிறப்பாகக் கவனித்தற்குரியது. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கிய வகைகளை அறிந்த தமிழ் மாணவன் காதில் இப்பெயர் அயலாக ஒலித்திராது. தலைவியையோ தெய்வத்தையோ முடி தொடங்கி அடிவரையும், அடி தொடங்கி முடிவரையும் முறையாக வருணித்தல் அவ்வகைகளின் இலக்கணம். எந்த உறுப்பும் விடுபடலாகாது, முறை பிறழலாகாது. புலவன் கண்ணுக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்து பாடுதலை அவ்வொழுங்கு தடுத்தது. வருணனையின் நோக்கம் வேறாயினும், முறையாகப் பார்க்கும் ஒழுக்கம் தமிழ் மரபில் ஏற்கெனவே பயின்றிருந்த ஒன்று. மருத்துவக் கல்வி அம்மரபின் சொல்லைத் தழுவியபோது, அலங்கார வருணனைக்கு உரியதாயிருந்த ஒழுங்கு பௌதிக உண்மையை அறியும் ஒழுங்காக உருமாறிற்று. பழைய வடிவம் புதிய உள்ளடக்கத்தைத் தாங்கிய இந்நிகழ்வு, இலக்கிய வரலாற்றிலே நாம் அடிக்கடி காணும் மாற்றத்துக்கு ஒப்பானது.

5

இவ்வளவு வலுவுடன் தோன்றிய தமிழ்வழிக் கல்வி ஏன் நிலைக்கவில்லை? தமிழிற் கலைச்சொற்கள் போதாமையே காரணம் என்பர் சிலர். நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூற்றொகுதியை ஆக்கிய ஒரு முயற்சியை நோக்கி இவ்வாறு கூறுதல் உண்மைக்கு மாறானது. காரணம் பொருளியல் அடிப்படையிலேயே தேடப்படல் வேண்டும்.

ஆங்கிலம் கற்றவர் கிராமங்களை விட்டு அரசாங்கப் பதவிகளை நாடிச் செல்வர் என்பதைக் கிறீன் கண்டிருந்தார். தமிழிற் பயின்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்ட காலத்து மிசன் கொள்கையும் சுதேச மொழிக்குச் சார்பாகவே அமைந்தது. மதப்பரப்பல் நோக்கம் இதனுட் பொதிந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரம் எதிர்த்திசையிற் சென்றது. பெருந்தோட்டத்துறையின் விரிவோடு அரசாங்க மருத்துவ சேவையும் விரிந்தது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கப்பட்டது. அங்கு போதனாமொழி ஆங்கிலம். நிலம் போதாத குடாநாட்டின் நடுத்தர வர்க்கத்துக்கு உத்தியோகமே வாழ்வு. ஆங்கிலமே உத்தியோகத்தின் திறவுகோல். இந்நிலையிலே தமிழ் மருத்துவக் கல்வி தன் சமூக அடித்தளத்தை இழந்தமை வியப்புக்குரியதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தோற்றுவிக்கப்பெற்ற மருத்துவபீடமும் ஆங்கிலவழியிலேயே இயங்கி வருகின்றது.

6

இதே காலப்பகுதியில் உலகின் பிறபகுதிகளிற் காட்சிப் பதிவு வேறொரு வழியால் வளர்ச்சியுற்றது. 1858இல் இலண்டனில் வெளிவந்த கிறேயின் நூலுக்கு 363 படங்களை வரைந்தவர் ஹென்றி வண்டைக் காட்டர் என்னும் மருத்துவர். உறுப்பின் பெயரை அவ்வுறுப்பின் மீதே எழுதிக்காட்டியது அவர் செய்த புதுமை. அவ்வாண்டிலேயே இந்தியா வந்து பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் கற்பித்த அவர், 1888வரை இந்நாடுகளின் நோய்களை ஆராய்ந்தார். நூலின் பெயர் கிறேக்கு உரியதாயிற்று. வரைந்த கையின் பெயர் வழக்கிழந்தது. மூளையுழைப்பை உயர்த்திக் கையுழைப்பைத் தாழ்த்தும் வர்க்கச் சமுதாயத்தின் இயல்பு அறிவுத்துறையிலும் செயற்படுவதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

காட்டரின் தூரிகை காட்டியது இறந்த உடலை. உயிருள்ள உடலின் உட்புறத்தைக் காட்டும் முயற்சி 1806இல் போசினி அமைத்த ஒளிக்கருவியோடு தொடங்கிற்று. 1950இல் யப்பானில் ஒலிம்பஸ் நிறுவனமும் மருத்துவர் உஜியும் இரைப்பையினுள்ளே செலுத்தும் சிறு நிழற்படக் கருவியை உருவாக்கினர். அதில் மருத்துவர் உள்ளே எதனையும் நேரே பார்க்கமுடியாது. படச்சுருளைக் கழுவிய பின்னரே நோய் புலப்படும். 1957இல் ஹிர்ஷோவிற்ஸ் அறிமுகப்படுத்திய இழைநோக்கி நேரடிப் பார்வையை அளித்தது. ஆனால் ஒருவரின் கண் மட்டுமே அதனைக் கண்டது. 1969இல் நியூயோர்க்கில் வொல்ஃபும் ஷின்யாவும் இவ்வழியே பெருங்குடல் முளைகளைக் கம்பிச் சுருக்கால் அகற்றத் தொடங்கினர். 1983இல் மின்னணுப் படக்கருவி குழாயின் நுனியிற் பொருத்தப்பட்டது. அதனோடு காட்சி திரைக்கு வந்தது. அறையிலுள்ள தாதியும் மாணவரும் ஒருங்கே காணத்தக்கதாயிற்று. தனியொரு கண்ணின் ஏகபோகம் உடைந்த கணம் இதுவே.

2001இல் ஐரோப்பியச் சங்கம் பெருங்குடலுக்கு எட்டுப் படங்களைப் பரிந்துரைத்தது. நேர்குடலின் கீழ்ப்பகுதி தொடங்கி, வளைகுடல், இறங்குகுடல், குறுக்குக்குடலின் இரு முனைகள், ஏறுகுடல், வால்வு ஆகியவற்றினூடாகக் குடல்வளரி வாய் தெரியும் குருட்டுக்குடல் ஈறாக அவை ஒழுங்குபட அமைந்தன. அடி தொடங்கி முடிவரை எந்த நிலையமும் விடுபடாத இவ்வரிசையை ஒரு பாதாதிகேசம் என்று கூறின் அது வெறும் உவமையாகாது. முறை பிறழாது நோக்குக என்ற ஆணையே இரண்டினதும் உயிர்.

7

படம் எடுப்பது பொத்தானை அழுத்தும் செயலே என்பார், பயிற்சி எதற்கு என வினவலாம். எடுக்கப்படும் படம் சான்றாதற்குப் பல நிபந்தனைகள் உள. எச்சமும் நுரையும் கழுவி உறிஞ்சப்பட வேண்டும். மடிப்புகள் விரியுமாறு வாயு செலுத்தப்பட வேண்டும். நுனி சுவரோடு ஒட்டினால் சிவப்பு மறைப்பன்றி வேறெதுவும் தோன்றாது. அசைந்தால் படம் கலங்கும். வால்வின் உதடு மட்டும் தெரியும் படம் பார்ப்பவரைத் தெளிவிக்காது. சற்றுப் பின்னிழுத்து, குடல்வளரி வாயையும் குருட்டுக்குடலின் முழுவடிவையும் காட்டும் படமே ஐயம் நீக்கும். முளை காணப்பட்டால், சூழலோடு ஒன்றும் அண்மையில் ஒன்றுமாக இரு படங்கள் வேண்டும். திறந்த இடுக்கியை அருகில் வைத்தெடுத்தால் அளவும் புலனாகும். அகற்றிய பின்னர் அவ்விடத்தின் படமும் தேவை. குடல் எவ்வளவு தூய்மையாயிருந்தது என்பதைப் போஸ்ரன் நகரில் 2009இல் வகுக்கப்பட்ட அளவுகோல் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி புள்ளியிட்டுக் கணிக்கின்றது. படம் அப்புள்ளிக்குச் சாட்சியாகின்றது.

இந்நிபந்தனைகளைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நல்ல படமெடுக்கச் செய்யவேண்டிய யாவும் நன்றாகப் பார்க்கச் செய்யவேண்டியவையே. கழுவுதல், விரித்தல், பின்னிழுத்தல், நிலைநிறுத்தல் ஆகியவற்றைப் படத்தின்பொருட்டுப் பழகும் கை, படமெடுக்காத இடங்களிலும் அவற்றையே செய்யும். ஆதலின் பதிவு என்பது பார்வைக்குப் பின் நிகழும் எழுத்துவேலையன்று; பார்வையையே திருத்தும் உழைப்பு. மனிதன் உழைப்பினாற் புறவுலகை மாற்றும்போது தன்னையும் மாற்றிக்கொள்கிறான் என்ற கோட்பாட்டுக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

8

எனினும் முரண்பாட்டின் மறுபக்கத்தையும் காணாதிருத்தல் கூடாது. 2010இல் அமெரிக்காவில் றெக்ஸ் என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் அறியாமலே அவர்தம் பரிசோதனைகள் முதலிற் காணொளியாகப் பதியப்பட்டன. பின்னர் பதியப்படுவதாக அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தபின் நோக்கிய நேரம் 49 சதவீதமும் நோக்கிய தரம் 31 சதவீதமும் உயர்ந்தன. கண்காணிப்பு பயன்தந்தது என்பதை மறுக்கவியலாது. ஆனால் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நேரக்கணிப்பானால் அளந்த தொழிற்சாலை முகாமைமுறையையும் இது நினைவூட்டுகின்றது. படம் ஆசிரியரின் கையில் இருப்பின் கற்பித்தலாகின்றது. நிருவாகியின் கையில் மட்டும் இருப்பின் தண்டனையின் கருவியாகின்றது. தனியார் வைத்தியசாலையின் விளம்பரத்தில் இருப்பின் விற்பனைப் பண்டமாகின்றது. அச்சத்தால் எடுக்கப்படும் படம் விதியை நிறைவேற்றும், கண்ணைப் பயிற்றாது. எனவே பயிலும் மருத்துவரும் மூத்த மருத்துவரும் தம் படங்களைச் சமமாக மேசைமேல் வைத்து விவாதிக்கும் கூட்டுமுறையே இப்பயிற்சியின் உள்ளீடாதல் வேண்டும். மேற்பார்வையின்றிப் பழகியோர் பெரும்பான்மையினராய் இருந்தமையே அப்பிரித்தானிய இடைவெளியின் பின்னணி என்பது இங்கு மீண்டும் நினைவுகொள்ளத்தக்கது.

பதிவைப் பேணுதலும் இதனோடு தொடர்புடையது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பதிவு அழிந்தால் ஒரு சமூகம் தன்னையே மீள நோக்க முடியாது போவதை இம்மண் பட்டறிந்துள்ளது. நோயாளியின் படமும் அறிக்கையும் அவர் கையிலும் ஒரு பிரதியாக இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இங்கு தனியானதொரு அழுத்தம் உண்டு.

9

இறுதியாக மொழிபற்றிய வினா எழுகின்றது. திரை காட்சியைப் பொதுவாக்கிற்று; ஆயின் திரையருகே படுத்திருக்கும் நோயாளிக்கு அது பொதுவாகவில்லை. படத்தின் கீழ் எழுதப்படுவது ஆங்கிலம். தன் குடலின் படத்தைத் தானே வாசிக்கமுடியாத கமக்காரனும் கடற்றொழிலாளியும், பரிசோதனை முற்றாக நிறைவேறியதா, முளை அகற்றப்பட்டதா, மீண்டும் எப்போது வரவேண்டும் என்பவற்றைப் பிறர் வாய்மொழியாலேயே அறிகின்றனர். மருத்துவரை மருத்துவர் சரிபார்க்கும் சான்று தோன்றிவிட்டது. மக்கள் சரிபார்க்கும் சான்று தோன்றவில்லை.

மருத்துவக் கல்வி முழுவதையும் நாளையே தமிழாக்குக என்று கூறுதல் இலட்சிய வேட்கையாகலாம். எட்டுப் படங்களுக்கு எட்டுத் தமிழ்ப் பெயர்கள் எழுதுதல் அத்தகையதன்று. நேர்குடலும் குருட்டுக்குடலும் குடல்வளரியும் நம் பாடசாலை உயிரியல் நூல்களிற் பயின்ற சொற்களே. பயிற்சிபெறும் மருத்துவர் படத்துக்குத் தலைப்பிடக் கற்கும்போது, அத்தலைப்பைத் தமிழிலும் எழுதி, இரண்டு வாக்கியங்களில் விளக்கி நோயாளியிடம் கையளிக்கக் கற்பாராயின், பயிற்சியின் நேரம் சில நிமிடங்களே நீளும். உறுப்பின் மீதே பெயரெழுதிய காட்டரின் கையும், அப்பெயரைத் தமிழில் எழுதிய மானிப்பாய் மாணவரின் கையும் அவ்வேளையில் ஒன்றுசேரும். அங்காதிபாதம் தொடங்கிவைத்து, குடியேற்றப் பொருளாதாரம் இடைமறித்த பணியின் எஞ்சிய பகுதி அதுவே. அதனை நிறைவேற்றுதல் மருத்துவபீடத்தின் கடன் மாத்திரமன்று. தமிழ் ஆய்வாளரின் கடனுமாகும்.